மான்ச்சாவும் காத்தோவும்: இரண்டு குதிரைகளை ஒருவர் நினைவில் வைத்திருந்த விதம்

குதிரை வைத்திருந்த யாரையாவது பிடித்து, அவருடைய பழைய குதிரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உயரம், இனம், விலை எல்லாம் கடைசியில்தான் வரும். முதலில் வருவது குணம். "வேற்றாள் சேணம் கட்டினால் வயிற்றை உப்பிக்கொள்ளும்", "தண்ணீர் வாளியைக் கவிழ்த்த பிறகுதான் அதற்குப் பொழுது விடியும்" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு அது பாசப் பேச்சு, ஒரு புன்னகையோடு கடந்துவிடலாம். அந்தப் பேச்சுக்குள் ஒரு வேலைக் குறிப்பேடு ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைக்கு வாரை இரண்டாம் முறை இறுக்க மறந்தவர் வழியில் சேணத்தோடு சரிந்து விழுவார். அன்பாக நினைவில் நிற்பது பெரும்பாலும் அப்படிக் கற்றுக்கொண்ட ஒன்றுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நிகழ்வு இருக்கிறது. நூறு வருடம் பழையது, நடந்தது அமெரிக்கக் கண்டங்களில்.

நடந்தது இவ்வளவுதான்

1925 ஏப்ரலில் ஐமே சிஃபெலி என்ற பள்ளி ஆசிரியர் ப்யூனஸ் அயர்ஸிலிருந்து இரண்டு குதிரைகளோடு வடக்கு நோக்கிக் கிளம்பினார். போய்ச் சேர நினைத்த ஊர் நியூயார்க். அவருக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. பிறந்தது சுவிட்சர்லாந்தில். சில காலம் இங்கிலாந்தில் பாடம் நடத்திவிட்டு, அர்ஜெண்டினாவுக்கு வந்து, தலைநகரை ஒட்டிய கில்மெஸில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தூரச் சவாரியில் பெயர் வாங்கியவர் அல்ல. குதிரைகளோ இளங்குதிரைகள் அல்ல, இரண்டும் பதினைந்து வயதைத் தொட்டுவிட்டவை. பத்திரிகைகள் அவரைப் பைத்தியம் என்றதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

பொலிவியா, பெரு, ஈக்வடார், கொலம்பியா என்று ஆண்டீஸ் மலையை ஏறி இறங்கி, பனாமா, கோஸ்டா ரிகா, எல் சல்வடார், குவாட்டமாலா, மெக்சிகோ வழியாக 1928 ஆகஸ்ட் இறுதியில் அவர் வாஷிங்டன் சேர்ந்தார். அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் அவரை வரவேற்றார். செப்டம்பர் 20 நியூயார்க்கை அடைந்த நாள் என்பது அர்ஜெண்டினர்களின் கணக்கு. தூரத்தைச் சிஃபெலி பத்தாயிரம் மைல் என்பார், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர். அர்ஜெண்டினாவில் 21,500 என்பார்கள். மலைப்பாதையின் வளைவுகளை அளந்தவர் யாரும் இல்லை என்பதால் இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டு குதிரைகளும் உயிரோடு ஊர் திரும்பின என்பதில் மட்டும் சண்டை இல்லை. என் கேள்வி அதைப் பற்றியது: எப்படி?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழியில் நடந்ததைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி சிஃபெலியே பின்னாளில் எழுதியது. வாதியும் அவரே, சாட்சியும் அவரே. குதிரைகளின் மேல் அவருக்கு இருந்த பிரியமோ மறைத்தாலும் மறையாதது. ஆகவே அவர் குதிரைகளைப் புகழும் இடங்களை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவற்றின் குறைகளைச் சொல்லும் இடங்களை முழு விலைக்கு.

குதிரைகள்

இரண்டும் கிரியோயோ இனம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை. 1536-இல் பெத்ரோ தெ மெண்டோசா அமைத்த ப்யூனஸ் அயர்ஸ் குடியேற்றம் பசியாலும் தாக்குதலாலும் நிலைக்கவில்லை, 1541-இல் கைவிடப்பட்டது. விட்டுச்சென்ற குதிரைகள் பாம்பாஸ் புல்வெளியில் பெருகிக் காட்டுக் கூட்டங்களாயின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கொட்டில் இல்லை, கொள்ளு வைப்பார் இல்லை. பனிக்கும் வறட்சிக்கும் மலைச்சிங்கமான பூமாவின் வாய்க்கும் தப்பியதே அடுத்த தலைமுறையை ஈன்றது. முந்நூறு வருடத்துக்கும் மேலாக இப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சியது, உயரம் குறைந்த, காலெலும்பு கெட்டியான, கிடைத்ததைத் தின்று உடம்பைக் காத்துக்கொள்ளும் குதிரை. தோள் உயரம் 144 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். பந்தயக் குதிரையின் பக்கத்தில் நிறுத்தினால் மட்டக்குதிரை என்றே நினைப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து உயரமான குதிரைகளை இறக்கிக் கலந்ததில் இந்த இனம் கரைந்துகொண்டிருந்தது. எமிலியோ சோலானெத் என்ற கால்நடை மருத்துவர் கலப்பில்லாத குதிரைகளைத் தேடித் தெற்கே படகோனியாவுக்குப் போய், தெஹுவெல்ச்சே பழங்குடித் தலைவர் லியெம்பிச்சூனின் குதிரைகளை வாங்கி, அயகூச்சோ பகுதியில் இருந்த தன் எல் கார்தால் பண்ணைக்குக் கொண்டுவந்தார். இந்த இனத்துக்கு வரையறை எழுதி, 1923-இல் வளர்ப்போர் சங்கம் அமைந்ததன் பின்னால் இருந்தவரும் அவர்தான். சிஃபெலி குதிரை கேட்டு வந்தபோது சோலானெத் கொடுத்த இரண்டுதான் மான்ச்சாவும் காத்தோவும். தூரமாக நடந்து பண்ணைக்கு வந்தவை, நாகரிகம் தெரியாதவை. நல்ல தீவனம் போட்ட லாயத்தில் நிறுத்தினால் தீவனத்தைச் சீண்டாமல், படுக்கைக்கு விரித்த வைக்கோலைத் தின்றன என்கிறார் சிஃபெலி. இதைச் சிரிப்புக்காகச் சொல்கிறார். ஆனால் வழியெல்லாம் ஊருக்கு ஊர் தீவனம் மாறப்போகும் பயணத்துக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

மான்ச்சா என்றால் ஸ்பானிய மொழியில் கறை, திட்டு. செந்நிற உடம்பில் பெரிய வெள்ளைத் திட்டுகள், முகமும் கால்களும் வெள்ளை. காத்தோ என்றால் பூனை. காப்பி நிறம் கலந்த மண்ணிற உடம்புக்கு அங்கே அப்படி ஒரு வழக்குச் சொல். நம் ஊர்க் குதிரைச் சந்தையாக இருந்தால் சுழி பார்ப்பவர்கள் மான்ச்சாவைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

இனி குணம். மான்ச்சா காவல் நாய் மாதிரி. அந்நியர் யாராவது அருகில் வந்தால் காதைப் பின்னுக்கு மடித்து, பின்னங்காலை லேசாகத் தூக்கி, கடிக்கவும் தயார் என்று காட்டும். சிஃபெலியைத் தவிர வேறு எவரையும் முதுகில் ஏற விடாது. காத்தோவை அதட்டி மிரட்டியே வைத்திருக்கும். காத்தோ திருப்பித் தாக்கியதே இல்லை. குழந்தைக் கண், எதைப் பார்த்தாலும் ஒரு வியப்பு. சதுப்பும் புதைமணலும் முன்னால் இருந்தால் அதற்குத் தெரிந்துவிடும், அடி எடுத்து வைக்காது. ஆனால் ஓடு என்றால் ஓடும், செத்து விழும்வரை ஓடும்.

பாசப் பேச்சில் இந்தக் கடைசி வரி காத்தோவுக்குப் பாராட்டு. குறிப்பேடாகப் படித்தால் எச்சரிக்கை. களைப்பை மறைக்கும் குதிரைக்குக் களைப்பு வந்ததா என்று சவாரி செய்பவர்தான் கணக்கு வைக்க வேண்டும். மான்ச்சாவைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம், பிடிக்காவிட்டால் அதுவே சொல்லிவிடும். துன்பம் வந்தால் காத்தோவிடம் போய் அழலாம், ஊர் சுற்றக் கிளம்பினால் மான்ச்சாவைக் கூட்டிப்போகலாம் என்ற பொருளில் சிஃபெலி எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தியிருந்தால் இந்த வேறுபாடு அவர் கண்ணில் பட்டிருக்காது.

வழியில்

கொண்டுபோனது குறைவு. தென்னமெரிக்க மாட்டுக்காரர்களான கௌச்சோக்களின் சேணம், அதன் மேல் ஆட்டுத்தோல்கள். இரவில் அதுவே படுக்கை. பொன்ச்சோ என்ற போர்வை அங்கி ஒன்று, வரைபடங்கள், துப்பாக்கிகள், கொஞ்சம் வெள்ளி நாணயம். கூடாரம் இல்லை, எடை கூடும் என்பதால். கிளம்பும்போது ஒரு நாயும் இருந்தது. குதிரை உதைத்துக் காயப்பட்டதால் ஆரம்பத்திலேயே அதை விட்டுவிட வேண்டியதாயிற்று.

ஒரு குதிரையில் அவர், மற்றதில் பொதி. மாற்றி மாற்றி. பொதி எடை குறைவானாலும் செத்த சுமை, அசையாது அழுத்தும். மனிதன் உயிர்ச்சுமை. மேட்டில் முன்னால் சாய்வான், பள்ளத்தில் பின்னால் சாய்வான், செங்குத்தில் இறங்கி நடப்பான். முதுகின் வெவ்வேறு இடங்களை இந்த இரண்டு சுமைகளும் வெவ்வேறாக வதைக்கும். மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த இடமும் தொடர்ந்து அடிவாங்காது. சேணப்புண் ஒன்று வந்துவிட்டால் நெடும்பயணம் அங்கேயே முடிந்துவிடும். மலையோ பாலைவனமோ அதற்கு வேண்டாம், உள்ளங்கை அகலப் புண் போதும்.

பொலிவியாவில் பொத்தோசிக்கும் சய்யபாத்தாவுக்கும் நடுவில் எல் கோண்டோர் கணவாயைக் கடந்தார்கள். 5,900 மீட்டர் என்று அர்ஜெண்டினக் குறிப்புகளில் வரும். எனக்கு அது கொஞ்சம் தாராளமான அளவாகவே படுகிறது. எப்படியானாலும் மனிதனுக்கே மூச்சு முட்டும் உயரம்.

பெருவின் மலைகளில் ஒரு இடம். குறுகிய பாதையில் காத்தோ கால் தவறிச் சரிவில் உருண்டது. கீழே பாதாளம், நடுவில் தனியாக நின்ற ஒரு மரம் தடுத்தது. திமிறியிருந்தால் மரத்தையும் தாண்டிப் போயிருக்கும். அது அசையாமல் கிடந்தது. பொதியை அவிழ்த்து, கயிறு கட்டி, ஆட்கள் துணையோடு மேலே இழுக்கும்வரை கிடந்தது. மேலே நின்ற மான்ச்சா விடாமல் கனைத்துக்கொண்டிருந்தது. காத்தோ என்ற குதிரையின் குணத்தைப் பற்றி முன்பு சொன்ன எல்லாம் இங்கே சரிபார்க்கப்படுகிறது. மான்ச்சா விழுந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறுபக்கம், ஆடும் கயிற்றுப் பாலத்தில் முதலில் அழைத்துப் போனது மான்ச்சாவைத்தான். பாலத்தின் நடுத்தொய்வில் நின்று, ஆட்டம் குறைந்த பிறகு நடந்தார்கள். முன்னது கடந்துவிட்டால் பின்னது வரும். யார் முன்னால், யார் பின்னால் என்று தெரிந்து வைத்திருப்பதும் பாசத்தில் ஒரு பகுதி.

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் யோசித்தது பெருவின் வடக்குக் கடற்கரைப் பாலையைப் பற்றி. அங்கே ஒரு பகுதிக்குப் பெயரே மத்தகபாயோ, குதிரைகொல்லி. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மணல், தண்ணீர் கிடையாது. சிஃபெலி குதிரைகளுக்குத் தண்ணீர் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்தார். முதலில் படித்தபோது இது கொடுமை என்று தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா நிற்கும் குதிரையே நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் உழைத்தால் அதற்கும் மேல். இரண்டு குதிரைகளுக்கு நூறு லிட்டர் என்று வையுங்கள். நூறு கிலோ. 400 கிலோ எடையுள்ள குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 80 கிலோவைச் சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆகச் சுமைக் குதிரையின் முதுகு தண்ணீருக்கே போதாது. சேணமும் பொதியும் மற்றதன் மேல் ஏறும், அதன் மேல் இவரும். குளம்பு புதையும் மணலில் நடை பாதியாகும், வெயிலில் நிற்கும் நேரம் இரட்டிப்பாகும், எடுத்துப் போன தண்ணீர் அந்தக் கூடுதல் நேரத்துக்கே செலவாகும். சுமையைக் குறைத்து ஒரே மூச்சில் கடப்பதுதான் குதிரைக்கு இரக்கம். சுமார் இருபது மணி நேரத்தில் கடந்தார்கள். கடைசியில் குதிரைகள் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தன. ஆறு கண்ணுக்குத் தெரியும் முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. அவர் செய்ய வேண்டியதாக மிஞ்சியது, கடிவாளத்தைத் தளர்த்திவிடுவது மட்டும்.

இந்த முடிவை ஐந்தாவது நாளில் எடுத்திருந்தால் சூதாட்டம். அதற்குள் மாதக்கணக்கில் இரண்டும் எவ்வளவு குடிக்கும், எப்போது தளரும், எது மறைக்கும், எது காட்டும் என்று பார்த்திருந்தார்.

மத்திய அமெரிக்காவை வேகமாகக் கடக்கிறேன். கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் தாரியென் சதுப்புக்காடு. அங்கே வழி கிடையாது, கப்பல்தான். நிகரகுவாவில் உள்நாட்டுப் போர், அதையும் கப்பலில் சுற்றிப் போனார்கள். முழுத் தூரமும் சவாரி என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் ஞாபகப்படுத்துங்கள். சிஃபெலி மறைத்ததில்லை, மற்றவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

மெக்சிகோவின் தெற்கில் காத்தோ படுத்துவிட்டது. கோவேறு கழுதையின் உதையில் கால் காயப்பட்டு நடக்க முடியவில்லை. ரயிலில் ஏற்றி மெக்சிகோ நகருக்கு அனுப்பினார். மான்ச்சாவோடு மட்டும், கலவரப் பகுதிகளில் படைவீரர்களின் காவலோடு, தானும் அங்கே போய்ச் சேர்ந்தபோது காத்தோ குணமாகி நின்றது. வழியிலேயே அதை விற்றுவிட்டு வேறு குதிரை வாங்கியிருக்கலாம். சாதனை என்ற கணக்கில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் எதிரி மாறியது. சாலையில் மோட்டார் வண்டிகள். கையில் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றில் போவது ஆபத்து என்று செயின்ட் லூயிஸில் காத்தோவை விட்டுவிட்டுப் போனார். அப்படியும் வழியில் ஒரு கார் வேண்டுமென்றே மான்ச்சாவை இடித்துவிட்டு ஒலி எழுப்பிக்கொண்டு போனது. ஆண்டீஸும் பாலையும் செய்யாததை ஒருவன் பொழுதுபோக்காகச் செய்யப் பார்த்தான்.

யாருக்குப் பெருமை

கிரியோயோ வளர்ப்போர் இதை இனத்தின் வெற்றி என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். இனம் மட்டுமே காரணம் என்றால் அதே இனத்தில் எந்த இரண்டைப் பிடித்தாலும் போதும் என்று ஆகிவிடும். பத்திரிகைகள் இதை மனிதனின் துணிச்சல் என்றன. துணிச்சலால் குதிரை செத்த கதைகள்தான் உலகத்தில் அதிகம்.

நான் முக்கியமாக எடுத்துக்கொள்ளும் சாட்சி ஒரு சின்ன விஷயம். இரவில் அவர் குதிரைகளைக் கட்டுவதில்லை. தனிக் குடிசையில் படுத்தாலும் அவிழ்த்துவிட்டுவிடுவார். அவை தன்னை விட்டுப் போய்விடமாட்டா என்று தெரியும். விடிந்தால் வாசலில் நிற்கும், மெல்லக் கனைக்கும். கட்டாத குதிரை இரவு முழுவதும் நடந்து மேயும். வறண்ட இடத்தில் கயிற்றின் நீளத்துக்குள் இருக்கும் புல் அரை வயிற்றுக்குக் காணாது. கூடவே அதற்குக் காலிலும் முதுகிலும் இறுக்கம் தளரும். கயிற்றில் சிக்கிக் காயம்படாது. மூன்றரை வருடத்தின் அத்தனை இரவுகளையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் குதிரைகள் அவர்மேல் வைத்த பிரியம் அவற்றுக்கே தீவனமாகத் திரும்பி வந்தது. வாசலில் நின்ற கனைப்பை அவர் இனிய நினைவாகத்தான் எழுதினார். அதுதான் பயண முறை என்று அவருக்கே தோன்றியதா, தெரியவில்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. இரண்டு குதிரை, ஒரு மனிதர், ஒரே ஒரு பயணம். மரம் தடுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஊர் திரும்புவதிலும் அதிர்ஷ்டம் கை கொடுத்தது. வெஸ்ட்ரிஸ் என்ற கப்பலில் போக இருந்தவர், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த குதிரைக் கண்காட்சிக்கு இரண்டையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டதால் தங்கிவிட்டார். 1928 நவம்பரில் வெஸ்ட்ரிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. ஆனால் செயின்ட் லூயிஸிலிருந்து காத்தோவை வரவழைத்து, இரண்டையும் சேர்த்துக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோனது அதிர்ஷ்டம் அல்ல. அமெரிக்காவிலேயே அவற்றை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர் கேட்கவில்லை.

பிறகு

எல் கார்தால் பண்ணையில் இரண்டையும் விட்டார்கள், வேலை எதுவும் இல்லாமல். சிஃபெலி இங்கிலாந்துக்குப் போய் எழுத்தாளரானார். பயணத்தைப் பற்றி 1933-இல் ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு குதிரைகளே கதை சொல்வதாகச் சிறுவர்களுக்கும் ஒன்று எழுதினார். அதில்தான் இரண்டின் சண்டையும் சமாதானமும் நன்றாக வந்திருப்பதாக எனக்குத் தோன்றும். 1930-களின் கடைசியில் தென்னமெரிக்காவுக்குத் திரும்ப வந்தபோது பண்ணைக்குப் போய்க் கூப்பிட்டார் என்றும், கிழடுகள் இரண்டும் அடையாளம் கண்டு வந்தன என்றும் சொல்வார்கள். குதிரையின் ஞாபகசக்தியைத் தெரிந்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

காத்தோ 1944 பிப்ரவரியில் செத்தது. மான்ச்சா 1947 கிறிஸ்துமஸ் அன்று. இரண்டும் முப்பதைத் தாண்டி நன்றாகவே வாழ்ந்தன. பாடம் செய்யப்பட்டு அர்ஜெண்டினாவின் லுஹான் நகர அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. செப்டம்பர் 20-ஐ 1999-இல் அர்ஜெண்டினா தேசியக் குதிரை தினமாகச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டது.

சிஃபெலி 1954-இல் லண்டனில் இறந்தார். சாம்பல் அர்ஜெண்டினா வந்து சேர்ந்து, ப்யூனஸ் அயர்ஸில் பெரிய மனிதர்கள் உறங்கும் ரெகொலேத்தா இடுகாட்டில் பல வருடம் இருந்தது. 1998-இல் அதை எடுத்து, குதிரைகள் மேய்ந்த எல் கார்தாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.